கேஜைச் சத்தமாக வாசிக்கும் அண்ணாமாருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்புக் கடலில் பல வருடமாகச் சிலிண்டர் கட்டிக்கொண்டு டைவ் பண்ணிவருகிற அண்ணாமாருக்கும் நானாமாருக்கும், எண்ணிக்கையில் கொஞ்சம் என்றாலும் இருக்கிற அக்காமாருக்கும் வணக்கம். பயிற்றுநர்கள், டைவ்மாஸ்டர்கள், எந்தச் சான்றிதழும் எடுக்காமலே இவருக்குத் தெரியாதது இல்லை என்று முழுப் போட்டும் நம்புகிற ஆட்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் பிறந்தால் மேற்குக் கரைக் கடல் அடங்கிவிடும், கல்கிசைப் பக்கம் போட்டுகள் திரும்ப ஓடத் தொடங்கும், ஏப்ரல் வரைக்கும் சனி ஞாயிறென்றால் நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கப் போகிறோம். அதற்கு முதல் இதைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மேலே விடுகிற சவடாலால் கீழே பிள்ளைகள் பொய் சொல்லப் பழகிவிட்டார்கள். பொய் என்றால் வேறு எதிலும் இல்லை, சிலிண்டரில் மிச்சம் இருக்கிற காற்றில், கேஜ் என்கிற மானி 'பார்' என்ற அழுத்த அலகில் காட்டுகிற அந்த எண்ணில்.

எப்படி என்று சொல்கிறேன். டைவ் முடிந்து ஏணியில் ஏறி, ஃபின்னைக் கழற்றக்கூட இல்லை, யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். "எனக்கு இன்னும் 110 பார் கிடக்கு. உனக்கு?" அடுத்தவர் 100 என்பார். மூன்றாமவர் 90, ஆனால் கமரா தூக்கிக்கொண்டு போனேன் என்று ஒரு காரணத்தோடு. இப்படியே சுற்றி வந்து கடைசியில் புதிதாக வந்த பிள்ளையின் முறை. அவள் 50 என்றதும் ஒரு சிரிப்பு. "என்ன தங்கச்சி, கீழ நின்டு பாட்டுப் பாடினீங்களா?" கெட்ட மனதோடு கேட்பதில்லை, தெரியும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்றுதான் அவளுக்குப் படிப்பித்தார்கள், அதை அவள் அச்சொட்டாகச் செய்திருக்கிறாள் என்பது அந்த நேரம் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

அன்றைக்கு அதே போட்டில் கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருவனும் இருந்தான். சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கிழமை அவன் எனக்கு ஜோடி, அதாவது கீழே ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்கிற டைவ் துணை. 30 மீற்றரில் கிடக்கிற ஒரு சரக்குக் கப்பலின் பின்பக்கத்தில், உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டிக் காற்று எவ்வளவு என்று கேட்டேன். 100 என்று காட்டினான். காட்டும்போது அவன் கண் கேஜில் இல்லை, என் முகத்தில் இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. கிட்டப் போய் அவன் கேஜைப் பிடித்து என் பக்கம் திருப்பிப் பார்த்தால் முள் 60 இல் நிற்கிறது. உடனே கட்டைவிரலைத் தூக்கினேன், டைவை முடித்து மேலே போவோம் என்ற சைகை அது, இரண்டு பேரும் மெல்ல மெல்ல மேலே வந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. போட்டில் ஏறி, மற்றவர்கள் வருவதற்கு முன் ஏன் என்று கேட்டேன். "இல்லையக்கா, நான் முதல் ஆளா மேல வந்தா எல்லாரும் என்னால தங்கட டைவ் கெட்டது என்டு சொல்லுவினம்" என்றான். யார் அந்த எல்லாரும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி 60 பார் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு இது தெரியாததல்ல, ஆனாலும் போடுங்கள். நம்மூரில் வாடகைக்குக் கிடைக்கிற அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர். 60 பாரில் அதற்குள் ஏறக்குறைய 660 லீற்றர் காற்று. 30 மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 4 மடங்கு, அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் 4 மடங்கு காற்றுச் செலவாகும். வாயில் வைத்து மூச்சுவிடுகிற என்னுடைய ரெகுலேற்றர் அந்த நேரம் பழுதாகி, நான் அவனுடைய காற்றில் மூச்சுவிட வேண்டி வந்திருந்தால், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லீற்றர் என்று வைத்தாலும், இரண்டு பேருக்குமாக அந்த ஆழத்தில் நிமிடத்துக்கு 240 லீற்றர். 3 நிமிடத்துக்கும் காணாது. நிமிடத்துக்கு 9 மீற்றர் என்ற வேகத்தில் ஏறினால் மேலே வரவே 3 நிமிடத்துக்கு மேல் வேண்டும், உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேற 5 மீற்றரில் நிற்கிற அந்த 3 நிமிடத்தைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ஆக அவன் காட்டிய 100 அவனுடைய உயிரை மட்டும் வைத்து விளையாடிய கணக்கல்ல.

டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் 947 டைவிங் மரணங்களை எடுத்து ஆராய்ந்து 2008 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடங்கிவைத்த காரணம் தெரிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் போதாமல் போனதால் வந்தவை. சுறா இல்லை, புயல் இல்லை. அலையடிக்கும் என்று பயப்படுகிறோம், நீரோட்டம் இழுக்கும் என்று பயப்படுகிறோம், ஆனால் நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிற ஒரு முள், அரைமணி நேரமாக மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிற முள், அதைப் பார்க்காமல் அல்லது பார்த்தும் சொல்லாமல் இத்தனை பேர். பார்க்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பார்த்தும் சொல்லாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், வெட்கம்.

அப்புறம், இந்தக் காற்றுப் போட்டியில் வெல்வதில் அப்படி என்ன பெருமை என்றும் எனக்கு விளங்கவில்லை. ஆள் பெரிதென்றால் காற்று அதிகம் போகும். கீழே இறங்க இடுப்பில் கட்டுகிற ஈயம் கூடிப்போனால் போகும், குளிர்ந்தால் போகும், நீரோட்டத்துக்கு எதிரே நீந்தினால் போகும். அனுபவத்தால் குறைவது உண்மை, ஆனால் அது தானாகக் குறைய வேண்டும். குறைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்த பெடியன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மூச்சை இழுத்து, பிடித்துவைத்து, எண்ணி எண்ணி விடுகிறார்கள். உடம்பில் காபனீரொட்சைட்டு ஏறுகிறது. மேலே வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வெயில் கூடிப்போச்சு என்கிறார்கள். பனடோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டாவது டைவுக்கும் இறங்குகிறார்கள். காபனீரொட்சைட்டு ஏறினால் ஆழத்தில் வருகிற மயக்கமும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை, நீங்கள் 110 என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆழம் என்று வந்ததால் அதையும் கதைத்துவிடுவோம். கொழும்பைச் சுற்றி இத்தனை கப்பல்கள் கிடப்பது நமக்குக் கிடைத்த கொடை. முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரரின் வூல்ஃப் என்ற கப்பல் வந்து போட்டுவிட்டுப் போன கண்ணிவெடியில் 1917 பெப்ரவரியில் மூழ்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் தொடங்கி, வழக்கில் மாட்டி வருடக்கணக்காக நங்கூரம் போட்டு நின்றபடியே 2012 இல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கிப்போன தெர்மோப்பிலே சியரா வரைக்கும். ஆனால் எந்தக் கப்பலில் என்ன மீன், எந்தத் தளத்தில் ஆபத்து என்று யாரும் புதியவர்களுக்குச் சொல்வது குறைவு. "வூஸ்டர் இறங்கியிருக்கிறியா? இல்லையா? அப்ப நீ இன்னும் டைவரே இல்லை." இதுதான் கதை. அது பொழுதுபோக்கு டைவர்களுக்கான 40 மீற்றர் எல்லையையும் தாண்டிக் கிடக்கிற கப்பல், அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும், ஹீலியம் கலந்த வாயு வேண்டும், படிப்படியாக நின்று வருகிற திட்டம் வேண்டும். அந்தப் பயிற்சியெல்லாம் எடுத்து, மாதக்கணக்காகத் திட்டம் போட்டு இறங்குகிறவர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு என் மரியாதை. நான் சொல்வது அவர்களை அல்ல. அவர்கள் போன படத்தைப் பார்த்துவிட்டு, ஒற்றைச் சிலிண்டர் காற்றோடு, சும்மா ஒரு முறை தொட்டுவிட்டு வருவோம் என்று போகிறவர்களையும், அதே சவடாலை மட்டக்களப்பு வரைக்கும் கொண்டுபோய் 1942 இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலையும் அதே மாதிரித் தொட்டுவிட்டு வந்ததை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறவர்களையும்.

அந்த ஆழத்தில் மூச்சுக்காற்றில் இருக்கிற நைதரசன் குடித்ததைப் போல மூளையை மயக்கும் என்று புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஏறக்குறைய 30 மீற்றரில் இருந்து பலருக்குத் தெரியத் தொடங்கும், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். இதில் பொல்லாத பகுதி, மயங்குகிற மூளையேதான் நான் மயங்கவில்லை என்ற தீர்ப்பையும் சொல்கிறது. தவறணையில் இருந்து வெளியே வருகிறவன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு ஒன்டுமில்லை மச்சான்" என்பதைப் போலத்தான். ஆகவே 50 மீற்றரில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, தெளிவாக இருந்தேன் என்று நீங்கள் சொல்வது சாட்சியமாகாது. அதைக் கேட்டு ஒரு பெடியன் தன் மூளையும் அப்படித்தான் என்று நம்பிவிடுவான் என்பதுதான் என் பயம்.

இன்னொன்று, இது யாரும் கதைக்காதது. மூத்தவரை யார் செக் பண்ணுவது? இறங்குவதற்கு முன் ஜோடி ஜோடியாக ஒருவர் சாமானை ஒருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. புதியவர்கள் செய்வார்கள், நீங்கள் நின்று பார்ப்பீர்கள். உங்கள் முறை வந்தால் "சரி சரி, நான் பார்த்திட்டன்" என்று ஒரு கை வீச்சு. உங்கள் சிலிண்டரின் வால்வைத் தொட்டுப் பார்க்கிற துணிவு எந்தப் பிள்ளைக்கும் இல்லை. போட்டில் உதவிக்கு நிற்கிற பெடியன் நல்லெண்ணத்தில் வால்வைத் திருப்பிவிடுகிறான், எந்தப் பக்கம் திருப்பினான் என்பது அவனுக்கே நிச்சயமில்லை, கால் சுற்று மட்டும் திறந்தபடி வால்வு நிற்கிறது. மேலே மூச்சு வரும், கேஜ் 200 காட்டும், எல்லாம் சரி போலவே இருக்கும். 20 மீற்றருக்குக் கீழே போனதும் இழுக்க இழுக்கக் காற்று வராது. இதைக் கண்டுபிடிக்க பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ரெகுலேற்றரை வாயில் வைத்து நாலு மூச்சு நன்றாக இழுத்துக்கொண்டே கேஜைப் பார்த்தால், வால்வு முழுதாகத் திறக்காவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து விழுந்து எழும்பும். பத்து விநாடி. வருடக்கணக்காக இறங்குகிறவருக்கும் வால்வு வால்வுதான், அது உங்கள் சான்றிதழைப் பார்த்துத் திறப்பதில்லை. நீங்களே கூட்டத்தில் ஆகச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "வா, என்னுடையதைப் பார், பிழை இருந்தா எல்லாருக்கும் கேட்கச் சொல்லு" என்று சொன்னால் அன்றைய போட்டில் எத்தனை பேருடைய வாய் திறக்கும் என்று ஒரு முறை செய்துதான் பாருங்களேன்.

உடம்பு நோவைப் பற்றி. போன சீசனில் கண்ட ஒன்று. இரண்டு டைவ் முடித்து, குளித்து, சாப்பிட்டு எல்லோரும் கலைகிற நேரம். ஆள் நல்ல அனுபவசாலி, ஹட்டன் பக்கம் வீடு, கொழும்பில் வேலை. மூலையில் இருந்து இடது தோளுக்குச் சித்தாலேப தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணா என்றால் சிலிண்டர் தூக்கினது பிடிச்சிட்டுது என்றார். கை விரல் நுனியெல்லாம் லேசாக விறைக்குது என்று அப்புறம்தான், அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று பின்னேரமே ஊருக்கு பஸ் ஏறப் போகிறாராம். ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே. டைவ் பண்ணிவிட்டு உடனே மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒரே சங்கதி, வெளி அழுத்தம் குறையக் குறைய உள்ளே கரைந்திருக்கிற நைதரசன் குமிழி குமிழியாக வெளியே வரப் பார்க்கும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் டைவ் பண்ணினால் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறோம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அதைக் கவனிக்கிறார்கள், நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் பதுளைக்கும் போகிறவர்களுக்கு அது ஞாபகமே வருவதில்லை.

அவருக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்குப் படிப்பிக்கிற ஆள் அவர். ஒட்சிசன் எடுங்கள் என்று நாங்கள் இரண்டு பேர் சொல்லச் சொல்ல "சும்மா விடுங்கோ, ஆக்கள் பார்க்கினம்" என்றார். ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் காரணம். பெட்டியைத் தேடினால் பெட்டி இருக்கிறது, அதைத் திறக்கிற சாவி இருக்கிற ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கதையை வேறொரு நாள் கதைப்போம், இல்லை, இன்றே ஒரு வசனம்: பூட்டிய ஒட்சிசன் பெட்டி ஒட்சிசன் பெட்டி இல்லை. கடைசியில் சாவி வந்து, ஆள் முகமூடியைப் போட்டு, பிறகு வைத்தியரிடமும் போய், தப்பினார். தோள் நோ, விரல் விறைப்பு, காரணமில்லாத களைப்பு, தோலில் புள்ளி புள்ளியாக ஒரு நிறமாற்றம், இதெல்லாம் டைவுக்குப் பிறகு வந்தால் அந்த நைதரசன் குமிழிகளால் வருகிற அழுத்த நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும், ஒட்சிசனில் நோ குறைந்தாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். இந்த நோயில் ஆட்கள் முதலில் செய்வது மறுப்பதுதான் என்று எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. அந்த மறுப்பில் பாதி உடம்பில் இருந்து வருகிறதென்றால் மற்றப் பாதி ஒரு வாங்கில் இருந்து வருகிறது, போட்டில் நாம் சேர்ந்து இருக்கிற வாங்கில் இருந்து.

வீரம் என்று கதைத்தால், இந்தத் தீவில் கடலுக்குள் இறங்கிய ஆட்கள் நாம் முதலில்லை. மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துக்கொண்டு, ஒரு மூச்சில் எட்டுப் பாகம், ஒன்பது பாகம் என்று போய் வந்தார்கள், ஒரு பாகம் என்றால் ஏறக்குறைய ஆறடி. அவர்களுக்குச் சுறாவுக்குப் பயம். அந்தப் பயத்தை அவர்கள் ஒளிக்கவில்லை. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிற கடல்கட்டி கரையில் இருந்தால்தான் இறங்குவோம் என்றார்கள், ஆங்கிலேய அரசாங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாவது அந்தக் கடல்கட்டிகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை விடுங்கள். நூற்றுக்கணக்கான குளியாட்கள் எங்களுக்குப் பயம், இன்னது இல்லாமல் இறங்க மாட்டோம் என்று துரைமார் முன்னால் நின்று சொல்லக்கூடியதாக இருந்தது. நம்முடைய போட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை. அந்தக் குளியாட்களுக்குக் கயிறு பிடிக்க மேலே நம்பிக்கையான ஆள் நிற்பார். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்கிற சனம் நாம், கடலுக்குள் போகும்போது மட்டும் ஜோடி தேவையில்லை, தனியாகவே பார்த்துக்கொள்வேன் என்கிறோம்.

இன்றைக்கும் கல்பிட்டியிலும் மன்னாரிலும் வடக்கிலும் கடலட்டைக்கு இறங்குகிற பெடியன்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் மேல் சிலிண்டராக, பலர் இரவில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிற டைவ் கம்பியூட்டர் கையில் இல்லாமல், ஒரே நாளில் நாம் நினைத்தும் பார்க்காத அளவுக்கு இறங்குவார்கள். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய் வீட்டில் கிடக்கிற ஆட்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் உலை வைக்க வேண்டும், அதனால் இறங்குகிறார்கள். நமக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் கந்தோர் இருக்கிறது. நாம் பொழுதுபோக்கப் போகிறோம், பொழுதுபோக்குக்குப் போகிற இடத்தில் சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று பார்த்தால் ஆடுவது முழுக்க முழுக்க ஒரு வாங்கில் இருக்கிற ஏழெட்டுப் பேருக்கு முன்னால் கெத்துக் காட்டத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கூட்டமும் இருக்கிறது, அதையும் விட்டுவிடக் கூடாது. "ஐயோ எனக்கு என்ன தெரியும், நான் இன்னும் படிச்சுக்கொண்டிருக்கிற ஆள்" என்று அடிக்கு ஒரு முறை சொல்கிற அண்ணாமார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாய் மூடுவதற்குள் ஐநூறு டைவ் முடிஞ்சும் இன்னும் படிக்கிறேன் என்று எண்ணிக்கையும் வந்து விழுந்துவிடும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள், அதில் அகம்பாவம் ஒன்றும் இல்லை. இன்று அடியில் பார்வை 3 மீற்றர்தான், புதியவர்களைக் கூட்டிப்போகக் கூடாது என்று தெரிந்த ஆள், எனக்கென்ன தெரியும் என்று பணிவாக வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பணிவை வைத்து என்ன செய்வது. பணிவென்று நான் கேட்பது கதையில் இல்லை, கையில். கேஜைப் பார்க்கிற கை, வால்வைத் திறந்து பார்க்க விடுகிற கை, கட்டைவிரலைத் தூக்குகிற கை.

கட்டைவிரல் என்றதும் ஒன்று. குகை டைவர்களிடம் ஒரு விதி இருக்கிறது: யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை முடிக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. மலிவாக வந்த விதி அல்ல, செத்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஆட்களிடையே வளர்ந்த பழக்கம். அப்படிப் பிரித்துப் பார்த்தவர்களில் முதன்மையானவர் ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர், அந்தக் காலத்தில் குகை டைவிங்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1994 ஏப்ரலில் மெக்சிகோவில் ஒரு பெரும் நீர்க்குழியில் ஆழச் சாதனை ஒன்றுக்கு இறங்கி அவரும் திரும்பி வரவில்லை. அனுபவம் கூடக் கூட ஆபத்து விலகிப்போகும் என்று நினைக்கிறவர்கள் அவருடைய அனுபவத்தோடு தங்களுடையதை ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் போட்டில் அந்த விதியைக் கொண்டுவர என்ன தடை? நான் நினைக்கிறேன், பாதி வெட்கம், பாதி காசு. காசைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். இரண்டு டைவுக்குக் காசு கட்டிவிட்டு வருகிற பிள்ளை, முதல் டைவில் காது வலித்தாலும், மனம் சரியில்லாவிட்டாலும், இரண்டாவதுக்கு இறங்காவிட்டால் அந்தக் காசு போச்சு. திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பு. ஆகவே இறங்குகிறது. போட் செலவு, பெற்றோல் விலை எல்லாம் எனக்குத் தெரியும், காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இறங்காமல் விட்ட டைவை அடுத்த கிழமைக்கு மாற்றிக் கொடுங்கள். சிலிண்டரைப் பாவிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்கிற ஆளால் உங்களுக்கு என்ன பெரிய நட்டம்? அதோடு, அப்படி விட்ட ஆளைக் கரைக்கு வரும் வரைக்கும் "பயந்திட்டியே" என்று கேட்காமல் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை.

நீங்கள் ஒரு நாள், நல்ல கடல், கண்ணாடி போல நீர், எல்லாச் சாமானும் சரியாக இருக்கிற நாளில், "இன்டைக்கு எனக்குச் சரியில்லை, நான் மேல இருக்கிறன், நீங்கள் போங்கோ" என்று மற்றவர்கள் கேட்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். நித்திரை போதாததாக இருக்கலாம், வீட்டில் சண்டையாக இருக்கலாம். கொட்டாஞ்சேனைப் பெடியன் போன்றவர்களுக்கு நான் நூறு தரம் சொல்வதை விட நீங்கள் ஒரு தரம் அப்படிச் செய்வது ஏறும். ஏனென்றால் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது என்னை அல்ல, உங்களை. இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

ஆக இந்த சீசனுக்கு முன் நான் கேட்பவை இவ்வளவும்தான். போட்டில் கேஜைச் சத்தமாக வாசிக்கிற பழக்கத்தை விடுங்கள், வழிநடத்துகிற ஆளுக்கு எண் தெரிய வேண்டும் என்றால் அவர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். ஒட்சிசன் பெட்டியின் பூட்டைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கிற சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று காலையில் எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுங்கள். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை எங்கே இருக்கிறது, யாருக்கு எடுக்க வேண்டும், போக எவ்வளவு நேரம் என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டில் ஒட்டுங்கள், அந்த எண்ணை ஒரு முறை நீங்களே அடித்தும் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று. இறங்காத டைவை அடுத்த கிழமைக்கு மாற்றித் தருவீர்களா இல்லையா என்பதற்குப் பதில் வேண்டும், ஒக்டோபர் முடிவதற்குள் சொன்னால் நல்லது, ஏனென்றால் என்னோடு இந்த முறை புதிதாக இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் எந்தக் கடையில் காசு கட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து உங்கள் தங்கைச்சி ஒருத்தி